கெட்டுப்போகும் பணம்: சில்வியோ கெஸல் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் வட்டியைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "பணமும் உருளைக்கிழங்கு போல அழுகவேண்டும் என்று சொன்ன ஒரு ஜெர்மன் வியாபாரி இருந்தார், பெயர் சில்வியோ கெஸல்" என்று ஒரே ஒரு வரி போகிறபோக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு கெஸலை மட்டும் பார்க்கலாம்.

கே: பொருளாதாரப் பாடப்புத்தகத்தில் இந்தப் பெயரையே பார்த்ததில்லை. யார் இவர், பேராசிரியரா? (கல்லூரி மாணவி, கும்பகோணம்)

பேராசிரியர் இல்லை, பல்கலைக்கழகத்தில் படித்தவரும் இல்லை. 1862 மார்ச் 17 அன்று ஸங்க்ட் ஃபீட் என்ற சிறிய ஊரில் பிறந்தவர். அன்று அது பிரஷ்யாவின் ரைன் மாகாணம், இன்று பெல்ஜியம். ஒன்பது பிள்ளைகளில் ஏழாவது. மேற்படிப்புக்கு வீட்டில் வசதியில்லை, கொஞ்ச காலம் தபால் துறையில் வேலை பார்த்தார், அது பிடிக்காமல் அண்ணனிடம் தொழில் பழகினார், ஸ்பெயினின் மலாகாவில் கடிதப் போக்குவரத்து பார்க்கும் குமாஸ்தாவாக இருந்தார். அப்புறம் 1887ல் கப்பலேறி அர்ஜென்டினாவின் புவனோஸ் அயர்ஸுக்குப் போய், பெர்லினில் அண்ணன் நடத்திய பல் மருத்துவக் கருவிக் கடைக்கு ஒரு கிளை திறந்தார்.

அவருடைய பொருளாதாரம் அந்தக் கடையில்தான் பிறந்தது. அர்ஜென்டினா அப்போது லண்டனில் கண்டபடி கடன் வாங்கி ரயில் பாதையும் துறைமுகமும் கட்டிக்கொண்டிருந்த நாடு. 1890ல் எல்லாம் சேர்ந்து இடிந்தது. பெசோ சரிந்தது, ஜூலையில் கலகம் வெடித்தது, அதிபர் பதவி விலகினார், அந்த நாட்டுக் கடனில் கழுத்துவரை முதலீடு செய்திருந்த லண்டனின் பேரிங் வங்கியே திவாலாகும் நிலைக்கு வந்து மற்ற வங்கிகள் கைகொடுத்துத் தூக்கவேண்டியதாயிற்று. கெஸல் இதையெல்லாம் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருந்து பார்த்தார். நேற்றுவரை இருந்த மனிதர்கள்தான் இன்றும் இருக்கிறார்கள், அதே கைகள், அதே சரக்கு, அதே நிலம். அப்படியிருக்க வியாபாரம் மட்டும் ஏன் நின்றுபோகிறது? விலை இறங்கும் என்று தோன்றிய நிமிடமே பணம் ஒளிந்துகொள்கிறது, சரக்கால் அப்படி ஒளிய முடியவில்லை என்பது அவர் கண்ட பதில். 1891லேயே முதல் சிறு நூலை வெளியிட்டுவிட்டார். அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் அவர் எழுதிய எல்லாமே இந்த ஒரு பார்வையின் விரிவுதான்.

கே: நான் ஜவுளி மொத்த வியாபாரி. சரக்கு தேங்கினால் எனக்கு நஷ்டம் என்பது புரிகிறது. பணம் அழுகவேண்டும் என்றால் என்ன அர்த்தம்? நோட்டு கிழிந்துபோக வேண்டுமா? (வாசகர், திருப்பூர்)

உங்கள் இடத்திலிருந்தே தொடங்கலாம். சீசனுக்கு எடுத்த சரக்கு விற்காமல் கிடந்தால் கிடங்கு வாடகை ஏறும், பூச்சி அரிக்கும், மோஸ்தர் மாறும், அடுத்த வருடம் பாதி விலைக்குக்கூடப் போகாது. உங்கள் எதிரே பணத்தோடு உட்கார்ந்திருப்பவருக்கு இந்த அவசரம் எதுவும் கிடையாது. அவர் ஒரு மாதம் பொறுக்கலாம், ஆறு மாதம் பொறுக்கலாம், நோட்டு அப்படியே இருக்கும். பேரத்தில் ஒருவருக்குக் காலம் எதிரி, இன்னொருவருக்கு இல்லை. கூலி வேலை செய்கிறவருக்கு நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் இன்று விற்காத இன்றைய உழைப்பை நாளைக்கு விற்கவே முடியாது. காத்திருக்க முடிகிறவர், காத்திருக்க முடியாதவரிடம் வாங்கும் கப்பம்தான் வட்டி என்கிறார் கெஸல். ஆசை, பேராசை, கடன் கொடுப்பவரின் குணம் என்று அவர் எதையும் குற்றம் சாட்டவில்லை. பணத்தின் உருவத்திலேயே அந்தச் சலுகை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவர் வாதம்.

இதை விளக்க அவர் சொல்லும் ராபின்சன் குரூஸோ கதை எனக்கு மிகவும் பிடிக்கும், நான் படித்த பொருளாதார எழுத்தில் இத்தனை தெளிவான பக்கங்கள் குறைவு. தீவில் ராபின்சன் ஒரு கால்வாய் வெட்டத் திட்டமிடுகிறான். முடிய மூன்று வருடமாகும், அதுவரை வேறு வேலை செய்ய நேரமிருக்காது, ஆகவே தானியம், உப்புக்கண்டம், தோல் உடை எல்லாவற்றையும் முன்கூட்டியே சேர்த்துப் புதைத்துவைக்கிறான். அந்த நேரம் பார்த்து ஒரு அந்நியன் கரையேறுகிறான். எனக்கு விதையும் உணவும் உடையும் கடனாகக் கொடு, விளைந்ததும் புதிதாகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். ராபின்சன் வட்டி கேட்கிறான். அந்நியன் வட்டி தர முடியாது என்கிறான், தன் மதமே அதைத் தடுக்கிறது என்கிறான். அப்படியென்றால் கடனும் கிடையாது என்று ராபின்சன் முறுக்கிக்கொள்ள, அந்நியன் நிதானமாகக் கேட்கிறான்: நீ புதைத்த தானியம் மூன்று வருடம் கழித்து எப்படி இருக்கும்? எலி தின்னாதா? பூஞ்சை பிடிக்காதா? தோல் உடையை அந்து அரிக்காதா? என்னிடம் கொடுத்தால் அதே அளவு, அன்று அறுத்த தானியமாகத் திரும்பிவரும். யோசித்துப்பார்த்த ராபின்சனுக்குக் கடைசியில் தெளிவாகிறது, வட்டியே வாங்காமல் கொடுத்தாலும் லாபம் தனக்குத்தான். ஏன்? அவன் சேமிப்பு பொருளாக இருக்கிறது. அது பணமாக இருந்திருந்தால் அந்நியனுக்குப் பேச வாயே இருந்திருக்காது.

சரி, அப்போது பணத்தையும் பொருளைப் போல ஆக்கிவிட்டால்? அதுதான் அவர் யோசனை. நோட்டு கிழியவேண்டியதில்லை. நோட்டின் மேல் 52 கட்டங்கள் இருக்கும், வாரத்துக்கு ஒன்று. 100 மார்க் நோட்டு என்றால் ஒவ்வொரு வாரமும் அதன் மதிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு, அதாவது 10 ஃபெனிக்குக்கு (100 ஃபெனிக் ஒரு மார்க்), ஒரு ஸ்டாம்ப் வாங்கி ஒட்டவேண்டும். ஒட்டாத நோட்டு செல்லாது. வருடத்துக்குக் கூட்டிப்பார்த்தால் 5.2 சதவீதம். கூட்ஸ் ஷெட்டில் இறங்கிய சரக்கைக் குறித்த நேரத்துக்குள் எடுக்காவிட்டால் ரயில்வே டெமரேஜ் போடுகிறது அல்லவா, அதே மாதிரி பணத்தை நிறுத்திவைப்பதற்கு ஒரு டெமரேஜ். ஸ்டாம்ப் நாள் வருவதற்குள் கைமாற்றிவிட எல்லோரும் பார்ப்பார்கள்: செலவு செய்யலாம், கடனை அடைக்கலாம், இல்லையென்றால் வங்கியில் போடலாம். வங்கியில் போட்டவருக்குக் கழிவு கிடையாது, ஏனென்றால் நோட்டு இப்போது வங்கியின் கையில், அது சும்மா வைத்திருக்க விரும்பாமல் யாருக்காவது கடனாகக் கொடுத்தே தீரும். அப்படி எல்லோரும் கொடுக்க முந்தினால் வட்டி தானாகப் பூஜ்யத்தை நோக்கி இறங்கும், எந்தச் சட்டமும் போடவேண்டியதில்லை. "செய்தித்தாள் போலப் பழசாகிற, உருளைக்கிழங்கு போல அழுகுகிற, இரும்பு போலத் துருப்பிடிக்கிற, ஈதர் போல ஆவியாகிற பணம்தான் செய்தித்தாளையும் உருளைக்கிழங்கையும் இரும்பையும் ஈதரையும் மாற்றிக்கொள்ளத் தகுதியானது" என்று அவர் எழுதியதற்கு இதுதான் பொருள்.

கே: ரூபாய் மதிப்புதான் வருஷா வருஷம் குறைகிறதே! பணவீக்கமே கெஸல் கேட்டதைச் செய்துவிடுகிறது அல்லவா? (வாசகர், சேலம்)

பலரும் இதைக் கேட்டிருக்கிறீர்கள். இல்லை, இரண்டும் வேறு, கெஸல் பணவீக்கத்தை வெறுத்தவர். பணவீக்கத்தில் அடிவாங்குவது பெட்டியில் வைத்திருப்பவர் மட்டுமல்ல. நம்பிக் கடன் கொடுத்தவர், சம்பளக்காரர், சிறுகச் சிறுகச் சேமித்தவர் எல்லோருக்கும் அடி, விலைவாசி ஏறும்போது வட்டியும் கூடவே ஏறிக்கொள்ளும். கெஸலின் ஏற்பாட்டில் விலைவாசி அசையவே கூடாது. பல பொருள்களின் விலையைச் சேர்த்து ஒரு குறியீட்டெண் கணக்கிட்டு, அது ஏறினால் அரசு பணத்தை உள்ளே இழுக்கவும் இறங்கினால் வெளியே விடவும் வேண்டும் என்று, தங்கத்தை விட்டால் உலகம் அழிந்துவிடும் என்று எல்லோரும் நம்பிய காலத்தில் எழுதினார். இன்று ரிசர்வ் வங்கி 4 சதவீதம் என்று பணவீக்கத்துக்கு இலக்கு வைத்துச் செய்வது அந்த எண்ணத்தின் தூரத்து உறவு என்றுகூடச் சொல்லலாம். கட்டணம் விழுவது நிறுத்திவைத்த ரொக்கத்துக்கு மட்டும்தான். கடன் கொடுத்தவருக்குப் பத்து வருடம் கழித்தும் அதே வாங்கும் சக்தியோடு முதல் முழுசாகத் திரும்பவேண்டும் என்பதில் அவர் மிகக் கண்டிப்பானவர்.

கே: நோட்டுக்கு ஸ்டாம்ப் ஒட்டச் சொன்னால் எங்கள் ஊரில் எல்லோரும் நகைக்கடைக்கு ஓடிவிடுவார்களே? (வாசகி, நாகர்கோவில்)

கெஸலின் கோட்பாட்டில் உள்ள பெரிய ஓட்டையில் நேராகக் கைவைத்துவிட்டீர்கள். ஆங்கிலப் பொருளாதார அறிஞர் ஜான் மேனார்ட் கெயின்ஸ் 1936ல் தன் பெரும் நூலான "ஜெனரல் தியரி"யில் சொன்ன மறுப்பும் இதேதான். எதையும் உடனே வாங்க உதவும் தன்மை நோட்டுக்கு மட்டும் சொந்தமானதல்ல, கூடக்குறைய மற்றவற்றுக்கும் உண்டு. ஆகவே நோட்டிலிருந்து அந்தச் சலுகையைப் பிடுங்கினால் வங்கிப் பணம், கேட்டவுடன் திரும்பும் கடன், வெளிநாட்டு நாணயம், நகை, தங்கம் வெள்ளி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும் என்றார் அவர்.

கெஸல் தரப்பில் ஒரு பதில் உண்டு. தங்கம் நாணயமாக இல்லாதபோது அதுவும் ஒரு சரக்குதான், விற்கப் போனால் விலை என்ன என்று யாருக்கும் தெரியாது, அதைக் கொடுத்து வரி கட்ட முடியாது. பதிலில் பாதி உண்மை இருக்கிறது, மறுபாதியை உங்கள் ஊர் அடகுக்கடைகள் மறுத்துவிடும். இந்த இடத்தில் கெயின்ஸ் பக்கம்தான் நான்.

கே: கெயின்ஸ் இவரைப் புகழ்ந்தார் என்கிறார்கள், நீங்கள் மறுத்தார் என்கிறீர்களே? மார்க்ஸைவிடப் பெரியவர் என்றாராமே! (வாசகர், மதுரை)

இரண்டும் நடந்தது. முதல் உலகப்போருக்குப் பிறகு கெஸலின் அன்பர்கள் புத்தகங்களை அனுப்பி அனுப்பித் தன்னைத் துளைத்தெடுத்ததாகவும், வாதத்தில் பளிச்சென்று தெரிந்த குறைகளால் அதன் அருமை தனக்குப் புலப்படவே இல்லை என்றும், தானே வேறு வழியில் அதே முடிவுகளுக்கு வந்துசேர்ந்த பிறகுதான் புரிந்தது என்றும் கெயின்ஸ் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். அத்தனை பெரிய மனிதர் அதை அச்சில் எழுதியது எனக்கு மரியாதைக்குரியதாகப் படுகிறது. விசித்திரமான, அநியாயமாகப் புறக்கணிக்கப்பட்ட தீர்க்கதரிசி என்று கெஸலை அவர் அழைத்தார். மார்க்ஸின் மனப்பாங்கைவிட கெஸலின் மனப்பாங்கிலிருந்து எதிர்காலம் அதிகம் கற்கும் என்று நம்புவதாகவும் சொன்னார். பெரியவர் சிறியவர் என்று அளக்கவில்லை.

மார்க்ஸோடு உள்ள வேறுபாடு முக்கியமானது. மார்க்ஸுக்குச் சுரண்டலின் வேர் உற்பத்திச் சாதனங்களின் உடைமையில் இருக்கிறது. கெஸல் பிரான்சின் சோஷலிசச் சிந்தனையாளர் புரூதோனைப் பின்பற்றியவர்; தொழிற்சாலையை யாரிடமிருந்தும் பறிக்கவேண்டியதில்லை, பணம் தடையில்லாமல் ஓடினால் புதிய தொழிற்சாலைகள் பெருகிப் பெருகிப் பழைய முதலாளியின் வருமானத்தைத் தானே கரைத்துவிடும் என்று நம்பினார். புரூதோன் சரக்கைப் பணத்தின் உயரத்துக்கு ஏற்றப் பார்த்தார், தான் பணத்தைச் சரக்கின் மட்டத்துக்கு இறக்குகிறேன் என்பது கெஸல் சொன்ன வித்தியாசம். சந்தையும் போட்டியும் தனிமனித முயற்சியும் அவருக்கு வேண்டும், வட்டியும் நில வாடகையும் வேண்டாம். இடதுசாரிகளுக்கும் வலதுசாரிகளுக்கும் ஒருசேரப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் அதுதான்.

கே: இவர் மந்திரியாக இருந்தாரா? (வாசகர், புதுச்சேரி)

ஒரு வாரம். போரில் தோற்ற ஜெர்மனியில் 1919 ஏப்ரல் 7 அன்று முனிச் நகரில் பவேரிய கவுன்சில் குடியரசு, அதாவது தொழிலாளர், படைவீரர் கவுன்சில்களின் பெயரிலான புரட்சி அரசு, அறிவிக்கப்பட்டது. அதன் முன்னணியில் எர்ன்ஸ்ட் டோலர், குஸ்தாவ் லாண்டவர், எரிக் மியூசாம் போன்ற எழுத்தாளர்கள். அவர்கள் கெஸலை அழைத்து நிதித் துறையைக் கொடுத்தார்கள். ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த தியோஃபில் கிறிஸ்டன் என்ற மருத்துவரையும் கார்ல் பொலென்ஸ்கே என்ற சட்டப் பேராசிரியரையும் துணைக்கு வைத்துக்கொண்டு அவர் வேலையைத் தொடங்குவதற்குள் ஏப்ரல் 13ல் கம்யூனிஸ்டுகள் அதிகாரத்தைப் பிடித்தார்கள், அவர் வெளியே. மே மாதத் தொடக்கத்தில் புரட்சியை ஒடுக்க அரசுத் தரப்புப் படைகள் முனிச்சுக்குள் நுழைந்தன. லாண்டவர் சிறை வளாகத்திலேயே அடித்துக் கொல்லப்பட்டார். கெஸல் மேல் தேசத்துரோக வழக்கு போட்டார்கள், தனக்காகத் தானே வாதாடி ஜூலையில் விடுதலையானார். ஆனால் ஸ்விட்சர்லாந்து அவரைத் திரும்ப உள்ளே விடவில்லை, அங்கே லே ஓ ஜெனவே என்ற ஊரில் ஆசையாக வளர்த்த பண்ணை அவருக்கு இல்லாமல் போனது.

அந்த ஏழு நாளில் பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை, நடந்ததாகச் சொல்லும் கதைகளை நம்பாதீர்கள். பின்னாளில் அவர் வாழ்ந்தது பெர்லினுக்கு வடக்கே ஓரானியன்பர்க் பக்கத்தில் ஏடன் என்ற குடியிருப்பில். சைவ உணவுக்காரர்கள் 1893ல் உருவாக்கிய பழத்தோட்டக் குடியிருப்பு அது, நிலம் கூட்டுறவுக்குச் சொந்தம், குடியிருப்பவர்களுக்குக் குத்தகை மட்டும். தான் எழுதியதற்கு அருகிலேயே வாழ முயன்றவர் என்று தயங்காமல் சொல்வேன். அங்கேதான் 1930 மார்ச் 11ல் நிமோனியாவில் இறந்தார்.

கே: ஆஸ்திரியாவில் ஒரு ஊர் இதைச் செய்து வேலையில்லாத் திண்டாட்டத்தையே ஒழித்ததாக வாட்ஸப்பில் வந்தது. உண்மையா? (வாசகர், திருச்சி)

ஊர் உண்மை, பணம் உண்மை, "ஒழித்தது" என்பது மிகை.

வோர்கல், டைரோல் மாகாணத்தில் இன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள ரயில் சந்திப்பு ஊர். 1932ல் நாலாயிரத்துச் சொச்சம் ஜனம், தொழிற்சாலைகள் மூடிக்கிடந்தன, நூற்றுக்கணக்கானோருக்கு வேலையில்லை, வரிப்பாக்கி மலையாகக் குவிந்து நகராட்சி கஜானா காலி. மேயர் மிக்கேல் உன்டர்குகன்பெர்கர் ரயில்வே தொழிலாளியாக இருந்து வந்தவர், கெஸலைப் படித்தவர். ஜூலை மாதம் நகராட்சியின் பெயரில் 1, 5, 10 ஷில்லிங் மதிப்பில் வேலைச் சான்றிதழ்கள் என்ற நோட்டுகளை வெளியிட்டார். ஒவ்வொரு மாதமும் மதிப்பில் 1 சதவீதத்துக்கு ஸ்டாம்ப் ஒட்டவேண்டும். நோட்டின் பின்பக்கத்திலேயே மெதுவாகச் சுற்றும் பணம்தான் உலகத்தை இந்தக் கதிக்கு ஆளாக்கியது என்று ஒரு அறிக்கை அச்சிட்டிருந்தது, துயர் தணிக்கும், வேலையும் ரொட்டியும் தரும் என்ற முழக்கத்தோடு. நோட்டுக்கு ஈடாக அசல் ஷில்லிங் உள்ளூர் கூட்டுறவு வங்கியில் இருந்தது. 2 சதவீதம் கழித்துக்கொண்டு யாரும் மாற்றிக்கொள்ளலாம்.

நகராட்சி அந்த நோட்டில் கூலி கொடுத்து ரோடு போட்டது, தெருவிளக்கு வைத்தது, ஒரு பனிச்சறுக்குத் தளமும் ஒரு பாலமும் கட்டியது. கூலி வாங்கியவர் கடைக்காரருக்குக் கொடுத்தார், கடைக்காரர் ஸ்டாம்ப் நாளுக்குள் அதைத் தள்ளிவிட வழி தேடி நகராட்சிக்கே போய் வரிப்பாக்கியைக் கட்டினார், சிலர் அடுத்து வரப்போகும் வரியைக்கூட முன்கூட்டிக் கட்டினார்கள், வந்த நோட்டு மறுபடியும் கூலியாக வெளியே போனது. வரி கட்ட மக்கள் அவசரப்பட்ட ஊர் என்று உலகத்தில் வேறு எதைச் சொல்ல முடியும்! இத்தனைக்கும் சராசரியாகப் புழக்கத்தில் இருந்தது 6,000 ஷில்லிங்குக்கும் குறைவு. அக்கம்பக்கத்து ஊர்களும் ஆசைப்படத் தொடங்கியதும், நோட்டு அச்சிடும் உரிமை தனக்கு மட்டுமே என்று ஆஸ்திரியத் தேசிய வங்கி தலையிட்டது. 1933 செப்டம்பரில் எல்லாம் முடிந்தது, நீதிமன்றத்திலும் ஊர் தோற்றது.

என் கருத்து: ஸ்டாம்ப் வேலை செய்தது, ஆனால் தனியாக அல்ல. கையில் காசில்லாத ஒரு நகராட்சி மந்தகாலத்தில் துணிந்து பொதுவேலையில் செலவு செய்தது என்பதே பெரிய காரியம், அதை எந்த நோட்டில் செய்திருந்தாலும் ஓரளவு பலன் கிடைத்திருக்கும். இரண்டின் பங்கையும் பதினான்கு மாதக் கதையிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. அதைப் பிரித்துப்பார்க்க இன்னும் நாலு வருடம் விட்டிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

இதற்கு முன்பே பவேரியாவில் ஷ்வானன்கிர்ஷன் என்ற ஊரில் இழுத்து மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்தை மாக்ஸ் ஹெபெக்கர் என்ற பொறியாளர் "வேரா" என்ற இதேபோன்ற பணத்தால் திறந்தார். கடைக்காரர்கள் முதலில் அதை வாங்க மறுத்தார்கள். அவர் சுரங்கத்திலேயே கடை போட்டு, வேராவை ஏற்கும் மொத்த வியாபாரிகளிடமிருந்து சரக்கு வரவழைத்தார், வியாபாரம் கைநழுவுவதைப் பார்த்த ஊர்க் கடைகள் தாங்களும் வாங்கத் தொடங்கின. 1931 அக்டோபரில் பெர்லின் அதைத் தடை செய்தது. அமெரிக்காவிலோ சில ஊர்கள் தப்பாகப் புரிந்துகொண்டு செய்தன: அயோவாவின் ஹாவர்டனில் 1932ல் மாதத்துக்கு ஒருமுறை என்று இல்லாமல் ஒவ்வொரு முறை கைமாறும்போதும் 3 சென்ட் ஸ்டாம்ப் ஒட்டச் சொன்னார்கள். வைத்திருப்பவருக்கு விழவேண்டிய அபராதம் செலவு செய்பவர் தலையில் விழுந்தது, பணம் சுற்றுமா? கெஸலின் முழுக் கருத்தும் தலைகீழாகிவிட்டது. யேல் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் இர்விங் ஃபிஷர் 1933ல் ஸ்டாம்ப் பணத்துக்காகவே ஒரு நூல் எழுதி இந்தத் தவற்றை எடுத்துச்சொன்னார். வியாபாரி கெஸலின் எளிய மாணவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர் அவர்.

கே: பெண்களைப் பற்றி இவர் ஏதாவது சொன்னாரா, அல்லது வழக்கம்போல ஆண்களின் பொருளாதாரம் மட்டும்தானா? (வாசகி, தேனி)

சொன்னார், அதைப் பற்றி எழுதுகிறவர்கள்தான் குறைவு. 1916ல் வெளிவந்த அவருடைய முதன்மை நூலுக்கு "சுதந்திர நிலமும் சுதந்திரப் பணமும் வழியான இயற்கைப் பொருளாதார ஒழுங்கு" என்று தலைப்பு. பணம் அதில் பாதி. மறுபாதி நிலம். நிலத்தை அரசு கடன் பத்திரம் கொடுத்து முழு விலைக்கு வாங்கிக்கொள்ளவேண்டும், யாரையும் விரட்டக் கூடாது, பிறகு ஏலத்தில் குத்தகைக்கு விடவேண்டும். அமெரிக்காவின் ஹென்றி ஜார்ஜ் நில வாடகையை வரியாக எடுக்கச் சொன்னார், கெஸல் நிலத்தையே பொதுவாக்கச் சொன்னார். வருகிற குத்தகைப் பணம் யாருக்கு? தாய்மார்களுக்கு, பிள்ளைகளின் எண்ணிக்கைப்படி. நிலத்துக்கு விலை கூடுவதே ஜனம் பெருகுவதால்தான், ஜனத்தைப் பெற்று வளர்ப்பவர்கள் அவர்கள், ஆகவே வாடகையும் அவர்களுக்கே சேரவேண்டும் என்ற கணக்கு. கணவனை அண்டிப் பிழைக்கவேண்டிய நிலை பெண்ணுக்கு இருக்கக்கூடாது என்று வெளிப்படையாக எழுதினார். நூறு வருடத்துக்கு முன்னால் பிள்ளை வளர்ப்பை உழைப்பாகக் கணக்கில் எடுத்தவர் என்பதால் இந்தப் பகுதி எனக்கு அவருடைய பணக் கோட்பாட்டைவிட நெருக்கமானது.

ஆனால் இதே இடத்தில்தான் நான் ஏற்கமுடியாத கெஸலும் இருக்கிறார். பொருளாதார நெருக்கடி நீங்கிய பெண் தகுதியான ஆணைத் தேர்ந்தெடுப்பாள், அதனால் மனித இனம் மேம்படும் என்று இயற்கைத் தேர்வைக் கொண்டுவந்து நுழைக்கிறார். இன மேம்பாடு என்ற பேச்சு அந்தக் காலத்தில் எங்கும் பரவியிருந்தது, அதற்காக அதை விட்டுத்தள்ள முடியாது, அந்தப் பேச்சு ஜெர்மனியில் எங்கே போய் முடிந்தது என்று நமக்குத் தெரியும். அவரைக் கொண்டாடுகிறவர்கள் இந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், அது சரியில்லை.

கே: வட்டியை எதிர்ப்பது என்றாலே ஹிட்லர் கட்சி ஞாபகம் வருகிறது. அவர்களும் வட்டி அடிமைத்தனம் என்று பேசினார்களே? (வாசகர், கோயம்புத்தூர்)

பேசினார்கள், 1920ம் ஆண்டுக் கட்சித் திட்டத்திலேயே அது இருக்கிறது. ஆனால் அவர்களுக்கு வட்டிக்குப் பின்னால் ஒரு எதிரி வேண்டும், ஒரு இனம் வேண்டும். கெஸல் கதையில் எதிரியே கிடையாது, பணம் கையிலிருந்தால் ராபின்சனும் வட்டி கேட்பான், நீங்களும் கேட்பீர்கள், நானும் கேட்பேன். மாற்றவேண்டியது ஆளை அல்ல, நோட்டை. நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் அவருடைய இயக்கத்தின் அமைப்புகள் நிலைக்கவில்லை.

கே: ஐரோப்பாவில் வங்கிகள் எதிர்மறை வட்டி போட்டபோது இவர் பெயர் அடிபட்டது. அது கெஸல் பணம்தானா? (வங்கி ஊழியர், சென்னை)

நெருங்கிய சொந்தம். ஐரோப்பிய மத்திய வங்கி 2014 ஜூனில் தன்னிடம் போடப்படும் வைப்புக்கு வட்டியை மைனஸ் 0.1 சதவீதமாக்கியது, 2019ல் மைனஸ் 0.5 வரை போனது, 2022 ஜூலையில்தான் பூஜ்யத்துக்குத் திரும்பியது. ஜப்பான் 2016ல் தொடங்கி 2024 மார்ச்சில் முடித்தது. சும்மா வைத்திருந்தால் அபராதம் என்பது கெஸல்தான். ஆனால் அபராதம் வங்கிகளின் கையிருப்புக்கு மட்டும், மக்கள் கையிலுள்ள நோட்டுக்கு இல்லை. நோட்டின் வட்டி பூஜ்யத்திலேயே நின்றதால் அதைவிட ஆழமாகப் போகவும் முடியவில்லை, போனால் எல்லோரும் ரொக்கமாக எடுத்துப் பெட்டகத்தில் வைத்துவிடுவார்கள். கெஸல் அந்தக் கதவைத்தான் முதலில் அடைக்கச் சொன்னார். காகித நோட்டில் ஸ்டாம்ப் ஒட்டுவது அன்று பெரும் தொல்லை, கைபேசியில் இருக்கும் பணத்துக்கு அது ஒரு வரிக் கட்டளை. இந்த வசதி எனக்கு மகிழ்ச்சி தரவில்லை. அரசும் வங்கியும் நினைத்த நேரத்தில் நினைத்த விகிதத்தில் கழிக்கலாம் என்றால், நிலையான விலைவாசி என்ற அவருடைய மறுபாதி நிபந்தனையை யார் காப்பாற்றுவார்கள்?

சிறிய அளவில் அவர் வழி இன்னும் உயிரோடிருக்கிறது. பவேரியாவில் பிரீன் என்ற ஊரில் ஒரு பள்ளியின் பொருளாதார ஆசிரியரும் மாணவர்களும் 2003ல் தொடங்கிய கீம்காவர் என்ற வட்டாரப் பணத்தில் மூன்று மாதத்துக்கு 2 சதவீதம் கழிவு வைத்தார்கள். ஸ்விட்சர்லாந்தில் 1934ல் இதே கொள்கையோடு தொடங்கிய வீர் கூட்டுறவு இன்று ஒரு வங்கியாக இருக்கிறது, ஆனால் கழிவு முறையை எப்போதோ கைவிட்டுவிட்டது.

கே: எனக்குப் பென்ஷன் கிடையாது. ஓய்வுபெற்றபோது வந்த பணத்தை எஃப்.டி.யில் போட்டு அந்த வட்டியில் நானும் மனைவியும் சாப்பிடுகிறோம். வட்டியே கூடாது என்று சொல்லும் உங்கள் கெஸல் எங்களுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்? (வாசகர், தஞ்சாவூர்)

ஐயா, வந்த கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது உங்களுடையதுதான்.

கெஸல் சொல்லும் பதில் இது: நீங்கள் வாங்கும் ஒவ்வொரு பொருளின் விலையிலும், கொடுக்கும் வீட்டு வாடகையிலும் யாரோ ஒருவருடைய வட்டி ஒளிந்திருக்கிறது. வாழ்நாள் முழுக்க நீங்கள் கட்டிய அந்த வட்டி, கடைசியில் எஃப்.டி. வழியாகத் திரும்புவதைவிட அதிகம். வட்டியில்லாத உலகத்தில் உங்கள் சம்பளம் கூடுதலாக இருந்திருக்கும், சேமிப்பும் பெரிதாக இருந்திருக்கும், மதிப்புக் குறையாத அந்த முதலை வருடத்துக்குக் கொஞ்சமாக எடுத்துச் சாப்பிடலாம். இளமையில் தொடங்குகிறவருக்கு இந்தக் கணக்கு சரியாக வரக்கூடும், சம்பளத்தில் வாழும் பெரும்பான்மைக்கும் வரக்கூடும்.

உங்களுக்கு வராது. பழைய முறையில் வட்டி கட்டி முடித்துவிட்டு, அதைத் திரும்ப வாங்கும் வயதில் இருப்பவர் நீங்கள். அந்த நேரம் பார்த்து விதியை மாற்றினால் இரண்டு பக்கமும் இழப்பு உங்களுக்கு. எத்தனை வருடம் இருப்போம் என்று தெரியாமல் முதலை எடுத்துச் சாப்பிடும் பயத்துக்கும் அவரிடம் மருந்தில்லை. நிலத்தை இழப்பவருக்குப் பத்திரம், ஈடு என்று அத்தனை கவனமாக யோசித்தவர், மாறும் காலத்தில் அகப்பட்டுக்கொள்ளும் வட்டி வருமானக்காரருக்கு அதே கவனத்தைக் காட்டவில்லை. வயதானவர்களுக்கு முதலில் பொதுப் பணத்திலிருந்து ஒரு மாத வருமானத்தை உறுதிசெய்துவிட்டுத்தான் கெஸல் திட்டத்தைப் பற்றிப் பேசவே தொடங்கவேண்டும் என்பது என் நிலை.

கே: படிக்க வேண்டுமானால் எங்கே தொடங்குவது? (வாசகர், ஈரோடு)

முதன்மை நூலுக்கு பிலிப் பை செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் கிடைக்கிறது. முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள், நடுவில் தங்க நாணய விவாதத்தில் களைத்துவிடுவீர்கள். ஐந்தாம் பகுதியின் தொடக்கத்தில் ராபின்சன் கதை இருக்கிறது, சில பக்கங்கள்தான். அதைப் படித்துவிட்டு நான்காம் பகுதிக்கு வாருங்கள், புதிய பணத்தைப் பற்றிக் கடைக்காரர், காசாளர், ஏற்றுமதி வியாபாரி, வட்டிக்காரர் என்று ஒவ்வொருவராகப் பேசும் பகுதி அது. பிறகு கெயின்ஸ் நூலின் 23ம் அத்தியாயத்தில் கெஸலைப் பற்றி வரும் பக்கங்கள். இந்த வரிசையில் படித்தால் மறுப்பு எங்கே சரியாக விழுகிறது, எங்கே விழவில்லை என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.